வாடகைக் காருக்குச் செலவு குறைந்த சேதப் பாதுகாப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வடசென்னையில் சொந்தக் கார் இல்லாத குடும்பங்கள் திருப்பதிக்கோ, பழவேற்காட்டுக்கோ, ஊரில் நடக்கும் கல்யாணத்துக்கோ போவதற்கு, தாமே ஓட்டிச் செல்லும் வாடகைக் காரை எடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பணம் கட்டுவதற்குச் சற்று முன்னால் 'சேதப் பாதுகாப்பு' என்ற பெயரில் இரண்டு மூன்று திட்டங்கள் திரையில் வந்து நிற்கும். அவசரத்தில் இருப்பவர் கட்டணம் குறைந்ததை எடுப்பார். பயந்தவர் கூடுதலானதை எடுப்பார். இருவருமே கட்டணத்தைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியவை வேறு இரண்டு: கார் அடிபட்டால் நம் கையிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு போகும் என்ற தொகை, எந்தச் சேதங்களுக்கு அந்த வரம்பே பொருந்தாது என்ற விலக்குப் பட்டியல்.

இந்தத் திட்டம் பெரும்பாலும் காப்பீட்டு பாலிசியே கிடையாது. ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் உங்களிடம் வசூலிக்க மாட்டோம் என்று வாடகை நிறுவனம் ஒப்பந்தத்தில் தரும் வாக்குறுதி அது. உண்மையான காப்பீடு காரின் பெயரில் தனியாக இருக்க வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்பீடு இல்லாமல் எந்த வாகனமும் சாலைக்கு வரக்கூடாது. காருக்கே ஏற்படும் சேதத்துக்கு அதற்கு மேல் முழுக் காப்பீடு வேண்டும். ஆகவே திட்டத்தைப் படிப்பதற்கு முன்னால் வண்டி எண்ணைக் கேட்டு வாங்கி, மத்திய அரசின் எம்-பரிவாகன் செயலியில் இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். செலவில்லாத இந்தச் சோதனையைத் தவிர்ப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

அப்படியே நம்பர் பிளேட்டையும் பாருங்கள். தாமே ஓட்டிச் செல்வதற்காக முறைப்படி பதிவான வாடகைக் காரில் கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகையில் கருப்பு எழுத்து என்றால் அது சொந்த உபயோகத்துக்கான கார். அதன் பாலிசியில், வாடகைக்கு விட்டால் காப்பீடு செல்லாது என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனம் அதைச் சுட்டிக்காட்டிக் கைவிரித்தால், உரிமையாளர் முழுச் செலவையும் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார். தெரிந்தவருடைய வண்டி, நாளொன்றுக்கு ஐந்நூறு ரூபாய் மிச்சம் என்று யாராவது சொன்னாலும், இந்த ஒரு காரணத்துக்காகவே அதைத் தவிர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி அமெரிக்காவை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அங்கே ஒருவருடைய சொந்தக் கார் பாலிசி பல நேரங்களில் அவர் எடுக்கும் வாடகைக் காருக்கும் நீளும். சில கிரெடிட் கார்டுகளும் கை கொடுக்கும். நம் நாட்டில் பாலிசி வண்டியைச் சார்ந்தது. வீட்டில் நிற்கும் உங்கள் காருக்கு எவ்வளவு நல்ல பாலிசி இருந்தாலும், வாடகைக் காரின் ஒரு கீறலுக்குக் கூட அது உதவாது.

இனி கணக்குக்கு வருவோம். உதாரணத்துக்கு, முதல் திட்டம் 300 ரூபாய், உங்கள் பொறுப்பு 10,000 ரூபாய் வரை. இரண்டாவது 700 ரூபாய், பொறுப்பு 2,500 ரூபாய் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய விபத்து நடந்தால் இரண்டாவது திட்டம் 7,500 ரூபாயைக் காப்பாற்றும். அதற்கு விலை 400 ரூபாய். ஏறத்தாழ 19 பயணங்களுக்கு ஒரு முறையாவது பெரிய சேதம் ஏற்பட்டால்தான் அந்தக் கூடுதல் பணம் ஈடாகும். ஆனால் நடைமுறையில் நேர்வது பெரும்பாலும் பம்பர் கீறலும் கதவில் ஒடுக்கும்தான். டிங்கரிங், பெயின்டிங் சேர்த்து 4,000 ரூபாய் ஆகிறது என்றால், முதல் திட்டத்தில் அந்த 4,000 முழுவதும் உங்களுடையது, இரண்டாவதில் 2,500. வித்தியாசம் 1,500 மட்டுமே. நெடுஞ்சாலையில் பழகிய கை, வாசலில் வண்டி நிறுத்த இடமும் உண்டு என்றால் முதல் திட்டம் போதும். பழைய வண்ணாரப்பேட்டையின் சந்துகளில் இரவு முழுவதும் தெருவிலேயே நிறுத்த வேண்டியவர், புதிதாக லைசென்ஸ் எடுத்தவர் ஆகியோர் இரண்டாவதை எடுப்பதே சிக்கனம். எந்தத் திட்டமும் வேண்டாம் என்று விடுவது சிக்கனத்தில் சேராது. அப்போது உச்சவரம்பே கிடையாது.

விலக்குப் பட்டியல்தான் வடசென்னைக்காரர் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம். டயர், சக்கர வளையம், கண்ணாடி, சைடு மிர்ரர், வண்டியின் அடிப்பாகம், சாவி ஆகியவை பல திட்டங்களில் வெளியே நிறுத்தப்படுகின்றன. எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி பக்கத்துச் சாலைகளிலும் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கார் ஓட்டியவருக்கு இதன் பொருள் உடனே விளங்கும். லாரிச் சக்கரத்திலிருந்து தெறிக்கும் ஜல்லி முன்கண்ணாடியில் விழுகிறது. கனரக வண்டிகள் தோண்டிவிட்ட பள்ளத்தில் டயரின் பக்கச்சுவர் வெடிக்கிறது. ஒதுங்க இடமில்லாமல் டிரெய்லரின் ஓரம் மிர்ரரைத் தட்டிக்கொண்டு போகிறது. இந்தச் சாலைகளில் நடக்கக்கூடியவை எவையோ அவையே பட்டியலில் விலக்கப்பட்டிருந்தால், அந்தத் திட்டம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்கியும் பயனில்லை. கண்ணாடியையும் டயரையும் சேர்த்துக் கொடுக்கும் திட்டம் நூறு இருநூறு ரூபாய் அதிகமானாலும் அதையே எடுங்கள்.

மழைக்காலத்தில் இன்னொரு கேள்வி சேர்கிறது. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்குவது எல்லோரும் அறிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருவில் நின்ற கார்கள் என்ன பாடுபட்டன என்பதும் நினைவிருக்கும். முழுக் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்கும். ஆனால் தண்ணீருக்குள் நின்றுபோன காரை மறுபடி ஸ்டார்ட் செய்து என்ஜினுக்குள் நீர் புகுந்து கெட்டுப்போனால், என்ஜின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்க்கை இல்லாத பாலிசிகளில் அதை மறுப்பதே வழக்கம். வாடகை ஒப்பந்தமும் அதை ஓட்டியவரின் கவனக்குறைவு என்று எழுதிக்கொள்ளும். என்ஜின் செலவு ஒரு வருடச் சேமிப்பைக் கரைத்துவிடக்கூடியது. எனவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை வண்டி எடுப்பவர், நீர் புகுந்த என்ஜினுக்கு உச்சவரம்பு பொருந்துமா என்று எழுத்திலேயே கேட்டுப் பதில் வாங்க வேண்டும். எந்தப் பதில் வந்தாலும், தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் சாவியைத் தொடாமல் இறங்கிவிடுங்கள்.

வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாட்களுக்கும் வாடகை கேட்பார்களா, அது உச்சவரம்புக்குள் அடங்குமா என்பதையும் விசாரியுங்கள். சேதத்துக்கு 2,500 என்று சொல்லிவிட்டு, பத்து நாள் வாடகையைத் தனியாகச் சேர்க்கும் ஒப்பந்தங்களும் இருக்கின்றன. ஒப்பந்தத்தில் யாருடைய லைசென்ஸ் பதிவாகியிருக்கிறதோ அவர் ஓட்டினால்தான் பாதுகாப்பு உண்டு. திருப்பதியிலிருந்து திரும்பும்போது களைப்பில் மச்சானிடம் ஸ்டியரிங்கைக் கொடுக்கும் எண்ணம் இருந்தால், அவர் பெயரையும் முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள். ஆந்திர எல்லையைத் தாண்ட அனுமதி உண்டா என்பதும் அதே சமயத்தில் கேட்க வேண்டியது. குடித்துவிட்டு ஓட்டினால் எந்தத் திட்டமும் காப்பாற்றாது.

வண்டியைக் கையில் வாங்கும்போது செலவிடும் பதினைந்து நிமிடம் எந்தத் திட்டத்தையும் விட மலிவான பாதுகாப்பு. கார் நனைந்திருந்தால் துடைக்கச் சொல்லுங்கள். ஈரத்தில் கீறல் தெரியாது. இரவில் கொண்டுவந்தால் டார்ச் அடித்து, எண் பலகையில் தொடங்கி நிறுத்தாமல் ஒரே வீடியோவாக வண்டியைச் சுற்றி வாருங்கள். முன்பம்பரின் கீழ் விளிம்பு குனிந்து பார்க்காதவருக்குத் தெரியாது. வேகத்தடையில் உரசிய பழைய காயங்கள் அங்கேதான் இருக்கும். நான்கு சக்கர வளையங்கள், முன்கண்ணாடியின் ஓரங்கள், ஸ்டெப்னி, கிலோமீட்டர் அளவு ஆகியவற்றையும் எடுத்து, கிளம்புவதற்கு முன்பே நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் இதையே செய்ய வேண்டும்.

இத்தனையும் காருக்கான பாதுகாப்பு; ஓட்டுகிறவருக்கு இதில் எதுவும் இல்லை. பாலிசியில் இருக்கும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு வண்டியின் உரிமையாளருக்கானது. இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவர், மூன்றாம் தரப்பினர் ஆகமாட்டார் என்று 2009இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியிருக்கிறது. ஆகவே வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு 20 ரூபாயில் கிடைக்கும் பிரதமரின் சுரக்‌ஷா பீமா யோஜனாவிலாவது சேர்ந்திருங்கள்; 18 முதல் 70 வயது வரையுள்ளவர் சேரலாம், விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய்.

அடிபட்டுவிட்டால் வண்டியை நகர்த்துவதற்கு முன் படம் எடுத்து, அப்போதே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். யாருக்காவது காயம் என்றால் முதலில் மருத்துவ உதவி, உடனே 112. வசூலிக்க வந்தால் ஒர்க்‌ஷாப்பின் உண்மையான பில்லைக் கேளுங்கள். மதிப்பீட்டுத் தாளை மட்டும் காட்டி டெபாசிட்டைப் பிடித்துக்கொள்வதை ஏற்காதீர்கள். பேசித் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யலாம். அதற்கும் மசியவில்லை என்றால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட முடியும் என்பதால், நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூரில் இருந்தாலும் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையே அணுகலாம். சேவைக்காக நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே மனுக் கட்டணமும் கிடையாது.