ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைக்கு மாதம் எவ்வளவு அனுப்புவது? கணக்குப் போடும் முறை

அட்மிஷன் முடிந்து, ஃபீஸ் கட்டி, பெட்டி படுக்கையோடு பிள்ளையை ஹாஸ்டலில் விட்டு வந்ததும் எழும் கேள்வி இது. பக்கத்து வீட்டில் ஐயாயிரம் அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டு நாமும் ஐயாயிரம் அனுப்புகிறோம். இல்லையென்றால், "வேணும்னா கேளு, அனுப்புறேன்" என்று சொல்லிவிடுகிறோம். எனக்குக் கவலை தருவது இரண்டாவதுதான். வீட்டுக் கஷ்டம் தெரிந்த பிள்ளை வாய்விட்டுக் கேட்காது. அறைத்தோழர்கள் வெளியே சாப்பிடப் போகும்போது "பசிக்கலை" என்று சொல்லிப் படுத்துக்கொள்ளும். பணம் குறைந்தால் முதலில் வெட்டு விழுவது சாப்பாட்டில்தான். அதனால் எவ்வளவு என்பதைப் பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு தாளில் எழுதித்தான் முடிவு செய்ய வேண்டும்.

தேனியிலிருந்து சென்னைக்கு இன்ஜினியரிங் படிக்கப் போன ஒரு மகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கீழே வரும் தொகைகள் எல்லாம் கணக்குப் போடும் விதத்தைக் காட்ட எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர், கல்லூரி, வீட்டு வருமானத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் படி: நீங்கள் நேரடியாகக் கட்டுவதைத் தனியே பிரியுங்கள்

கல்லூரி ஃபீஸ், ஹாஸ்டல் வாடகை, மெஸ் பில், தேர்வுக் கட்டணம் ஆகியவை பிள்ளையின் கைச்செலவுக் கணக்கில் வரக்கூடாது. முடிந்தவரை கல்லூரிக் கணக்குக்கு நீங்களே கட்டிவிடுங்கள்.

இதில் மெஸ் பில்லை மட்டும் கொஞ்சம் விசாரித்துக்கொள்ள வேண்டும். சில கல்லூரிகளில் வருடத்துக்கு ஒரே தொகையாக முன்பே வாங்கிவிடுவார்கள். சில இடங்களில், குறிப்பாக அரசுக் கல்லூரி விடுதிகளில், டிவைடிங் முறை உண்டு. அந்த மாதம் ஆன மொத்தச் செலவைச் சாப்பிட்டவர்கள் தலைக்குப் பிரித்துப் போடுவார்கள். அதனால் பில் மாதத்துக்கு மாதம் மாறும். போன வருடம் எவ்வளவு வந்தது என்று ஒரு சீனியரிடம் கேட்டால் தெரிந்துவிடும். ஊருக்குப் போகும் நாட்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் மெஸ் கட்டணத்தைக் குறைக்கும் விதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஞாயிறு இரவு மெஸ் உண்டா என்பதும் முக்கியம். இல்லையென்றால் மாதத்தில் நான்கைந்து வேளை வெளியில் சாப்பிட்டாக வேண்டும்.

இரண்டாம் படி: மாதாமாதம் ஆகும் செலவை எழுதுங்கள்

பிள்ளை எழுதட்டும், நீங்கள் கேள்வி கேளுங்கள். நம் உதாரண மகளின் தாள் இப்படி இருக்கலாம்:

மாலை டீ, வடை: 25 ரூபாய் வீதம் 25 நாளைக்கு 625
வெளிச் சாப்பாடு: வாரம் ஒருமுறை 150 வீதம் 600
சோப்பு, ஷாம்பு, துணி சோப்பு, நாப்கின்: 350
ஜெராக்ஸ், நோட்டு, பேனா: 200
ஊருக்குள் போய் வர: 300
ரீசார்ஜ்: 300
சினிமா, தோழிகளின் பிறந்தநாள்: 400

மொத்தம் 2,775. விட்டுப்போனவற்றுக்கு இடம் வைத்து 3,000 என்று முழுதாக்கிக்கொள்ளலாம்.

கடைசி வரியைப் பார்த்து "இது எதுக்கு?" என்று வெட்டிவிடாதீர்கள். அந்த 400 ரூபாய் தாளில் இல்லையென்றாலும் பிறந்தநாள்கள் வரத்தான் செய்யும். அப்போது காசு டீயிலிருந்தோ ஜெராக்ஸிலிருந்தோ போகும், நமக்குத் தெரியாமல்.

ரீசார்ஜில் ஒரு விஷயம். 28 நாள் திட்டம் போட்டால் வருடத்துக்கு 12 அல்ல, 13 முறை போட வேண்டிவரும். 84 நாள் திட்டத்தை நீங்களே போட்டுவிட்டால் அந்த வரியையே தாளிலிருந்து எடுத்துவிடலாம். பயணத்திலும் விசாரித்தால் மிச்சம் பிடிக்கலாம்: சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் கிடையாது. ஆனால் இருட்டிய பிறகு பேருந்து நிறுத்தத்திலிருந்து ஹாஸ்டலுக்கு ஆட்டோவில் வரும் காசை மட்டும் மிச்சம் பிடிக்கச் சொல்லாதீர்கள்.

மகன், மகள் இருவரும் வெளியூரில் படித்தால் இருவருக்கும் ஒரே தாள், ஒரே கேள்விகள். "அவன் பையன், வெளியே போவான்" என்று ஒருவருக்குக் கூட்டி, "உனக்கு என்ன செலவு?" என்று இன்னொருவருக்குக் குறைக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அது நியாயமில்லை.

பி.ஜி. எனப்படும் பேயிங் கெஸ்ட் விடுதியிலோ வாடகை அறையிலோ சாப்பாடு இல்லாமல் தங்கும் பிள்ளை என்றால் கணக்கே வேறு. காலை 60, மதியம் 90, இரவு 60 என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 210, மாதத்துக்கு 6,300. இதை மற்றக் கைச்செலவோடு கலக்காமல் சாப்பாட்டுப் பணம் என்று தனியாகவே அனுப்புங்கள். வேறு எதற்கும் அதைத் தொடக்கூடாது என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: எப்போதாவது வரும் செலவுக்குத் தனிப் பை

அவசரமாகப் பணம் கேட்டு வரும் போன்களில் பெரும்பாலானவை எதிர்பார்த்திருக்கக் கூடிய செலவுகளுக்குத்தான் வருகின்றன. ரெக்கார்டு நோட், லேப் கோட், சிம்போசியம் (கல்லூரிகள் நடத்தும் கருத்தரங்கு) கட்டணம், காய்ச்சலுக்கு மருந்து, தீபாவளிக்கு ஊருக்கு வரும் டிக்கெட். ஆறு மாதத்துக்கு இப்படிப் போடுங்கள்: ஊருக்கு மூன்று முறை போய்வர, ஒரு வழிக்கு 600 வீதம் 3,600. ரெக்கார்டு, பிரின்ட் 800. சிம்போசியம் 500. மருந்து 500. ஆக 5,400. மாதத்துக்கு 900 ரூபாயை நீங்கள் எடுத்து வைக்க வேண்டும். இதைப் பிள்ளையிடம் கொடுக்காமல் உங்களிடமே வைத்திருந்து, தேவைப்படும்போது அனுப்புங்கள்.

டிக்கெட் விஷயத்தில் தேதி தெரிந்தால் பாதிக் கவலை தீரும். ரயில் முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்பு திறக்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அந்தக் காலையிலேயே போட்டுவிடுங்கள். விட்டுவிட்டால் பண்டிகை நேரத்து ஆம்னி பஸ் கட்டணம் மூன்று முறைக்கு ஒதுக்கியதை ஒரே முறையில் தின்றுவிடும்.

நான்காம் படி: வீட்டு வருமானத்தோடு ஒப்பிடுங்கள்

இப்போது கையில் இரண்டு தொகை இருக்கிறது: 3,000, 900. வீட்டில் முடியுமா? முடியாது என்றால் அதைப் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். வாங்கும் சம்பளம், கட்டும் கடன், தம்பியின் ஃபீஸ் எல்லாவற்றையும் காட்டி, "2,500தான் முடியும், எதைக் குறைக்கலாம்?" என்று கேளுங்கள். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இது புரியும். டீயும் நாப்கினும் மருந்தும் இருக்கட்டும். வெளிச் சாப்பாட்டையும் சினிமாவையும் பாதியாக்கலாம்.

கல்விக் கடன் வாங்குகிறவர்கள் விண்ணப்பிக்கும்போதே ஹாஸ்டல், புத்தகம், லேப்டாப் செலவுகளையும் சேர்த்துக் காட்ட முடியுமா என்று வங்கியில் கேட்டுவிடுங்கள்.

அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024இல் வந்தது. அந்தப் பணம் பிள்ளையின் கணக்குக்கே வரும். அதைக் கைச்செலவில் கழித்துவிடலாமா என்று கேட்பார்கள். வீட்டில் நிஜமாகவே நெருக்கடி என்றால் கழியுங்கள். இல்லையென்றால் அதைப் பிள்ளையிடமே விட்டுவிடுவதுதான் சரி என்று நினைக்கிறேன். ஒரு கோர்ஸ் சேரவோ புத்தகம் வாங்கவோ யாரையும் கேட்காமல் எடுக்க ஒரு தொகை இருப்பது அந்த வயதில் பெரிய தைரியம்.

ஐந்தாம் படி: எப்படி, எந்தத் தேதியில் அனுப்புவது

முதல் இரண்டு மூன்று மாதங்கள் பிரித்து அனுப்புங்கள். மொத்தமாகக் கொடுத்தால் முதல் பத்து நாளிலேயே கரைந்துவிடுவது வழக்கம். 1, 8, 15, 22 ஆகிய தேதிகளில் 750 வீதம் என்று வைத்துக்கொள்ளலாம். கிழமை வைத்து வாராவாரம் அனுப்பினால் வருடத்துக்கு 52 முறை ஆகி, 36,000 என்று நினைத்தது 39,000 ஆகிவிடும். கை பழகிய பிறகு ஒன்றாம் தேதி மொத்தமாகவே கொடுங்கள். தேதி மட்டும் தவறக்கூடாது. நாள் தள்ளிப்போனால் பிள்ளை கூடப் படிப்பவர்களிடம் கைமாற்று வாங்க வேண்டிவரும்.

பிள்ளையின் பெயரில் சேமிப்புக் கணக்கு, அதோடு யு.பி.ஐ. இருந்தால் போதும். யு.பி.ஐ. சர்க்கிள் வசதியில் உங்கள் கணக்கிலிருந்தே பிள்ளை செலவு செய்ய, மாத வரம்பு வைத்து அனுமதி தரலாம். ஆனால் ஒவ்வொரு டீயும் அப்பாவின் போனில் மணியடிக்கும். முதல் மாதத்துக்கு வேண்டுமானால் சரி, அதற்குமேல் வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கைகளை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒன்று, உடனடிக் கடன் ஆப்கள். சிறு தொகைதான் கொடுப்பார்கள். அப்புறம் போனிலுள்ள எண்களுக்கெல்லாம் கூப்பிட்டு மிரட்டுவார்கள். இன்னொன்று, "உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தருகிறேன்" என்று வருகிறவர்கள். மோசடிப் பணத்தைக் கைமாற்றத்தான் அந்தக் கணக்கைக் கேட்கிறார்கள். போலீஸ் தேடி வருவது கணக்கின் சொந்தக்காரரைத்தான். பணம் பறிபோனால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே கூப்பிட வேண்டும். காசு தீர்ந்துபோன மாதக் கடைசியில்தான் இந்த வலைகளில் பிள்ளைகள் விழுகிறார்கள். "எவ்வளவு தப்பாகச் செலவு செய்திருந்தாலும் முதலில் எனக்குப் போன் பண்ணு, திட்டமாட்டேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடியே திட்டாமலும் இருங்கள்.

ஆறாம் படி: மூன்று மாதம் கழித்துத் தாளை மறுபடி எடுங்கள்

செமஸ்டர் லீவில் வந்திருக்கும்போது உட்காருங்கள். ஸ்டேட்மென்டை வாங்கி வரிவரியாக விசாரிக்காமல், "எந்த வரி பத்தலை, எதில் மிஞ்சுது?" என்று மட்டும் கேளுங்கள். மிஞ்சியிருந்தால் அது பிள்ளையுடையது. அடுத்த மாதம் குறைக்காதீர்கள், குறைத்தால் இனி மிச்சம் பிடிக்காது. ஒரே வரி திரும்பத் திரும்ப இடித்தால் தொகையைக் கூட்டுங்கள். பத்தவில்லை என்று சொல்லாமலே பிள்ளை மெலிந்து வந்திருந்தால், சாப்பாட்டு வரியிலிருந்து பேச்சை ஆரம்பியுங்கள்.

மூன்றாம் வருடம் முதல் இன்டர்ன்ஷிப், புராஜெக்ட் செலவுகள் சேரும். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ஃபார்மல் சட்டை, ஷூ வேண்டும். அவற்றை அந்த வருடத் தொடக்கத்திலேயே தனிப் பையில் எழுதிக்கொள்ளுங்கள்.