நனைந்த போனை அரிசியில் புதைக்காதீர்கள்

அமிர்தி அருவிக்குக் குளிக்கப் போகிறவர்களும், ஐப்பசி மழையில் காட்பாடிக்கும் வேலூருக்கும் பைக்கில் அலைகிறவர்களும் இதை அவசியம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

போன் நனைந்ததும் உடனே ஸ்விட்ச் ஆஃப் செய்யுங்கள். வேலை செய்கிறதா என்று ஆன் செய்து பார்ப்பதும், சார்ஜரில் போடுவதும்தான் பெரும்பாலும் போனைக் கெடுக்கின்றன. ஈரத்தோடு மின்சாரமும் சேர்ந்தால் ஷார்ட் ஆகும், உள்ளே துரு மாதிரி உலோக அரிப்பும் வேகமாகப் பிடிக்கும்.

கவரைக் கழற்றி, சிம் ட்ரேயை வெளியே எடுத்து, பருத்தித் துணியால் ஒற்றுங்கள். சார்ஜிங் துளை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். பிறகு ஃபேன் காற்றில் ஒரு நாளாவது கிடக்கட்டும். நம்ம ஊர் வெயில்தான் இருக்கிறதே என்று மொட்டைமாடியில் வைக்க வேண்டாம், ஹேர் டிரையரும் வேண்டாம். சூடு பேட்டரிக்கு ஆகாது.

அரிசி மூட்டை வைத்தியத்தையும் விட்டுவிடுங்கள். ஆப்பிள் நிறுவனமே கூடாது என்கிறது. அரிசித் துகள் துளைக்குள் போய் அடைத்துக்கொள்ளும்.

சோப்புத் தண்ணீர், சாக்கடை, உப்புத் தண்ணீர் என்றால் காத்திருக்காதீர்கள். ஐபி68 (தூசி, தண்ணீர் தாங்கும் என்கிற தரக்குறியீடு) போனாக இருந்தாலும் சரி, அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. அன்றைக்கே சர்வீஸ் கடையில் கொடுத்து, உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டைப் பிரித்து, சீக்கிரம் ஆவியாகிவிடும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்ற திரவத்தில் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

போன் உயிர் பெற்றதும் முதலில் போட்டோக்களையும் நம்பர்களையும் பேக்கப் எடுங்கள். அரிப்பு சில வாரம் கழித்தும் வேலையைக் காட்டும். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது.