மினுக்கிய காகிதப் பொம்மைகள்

பாட்டி பாடிய தாலாட்டுக்குக் காகிதப் பொம்மைகளை வெட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் கைபேசியில் படம் பிடித்து வீடியோவாகக் கோத்தேன். ஒரு நிமிடப் பாட்டு. நொடிக்கு 12 என்று 720 படங்கள். ஓட்டிப் பார்த்தால், பழுதான டியூப்லைட் போல மினுக்கியது. பொம்மைகளோ பேய் பிடித்தவைபோல் துள்ளின.

துள்ளலுக்குக் காரணம் மின்விசிறி. நிறுத்தியதும் அடங்கின. (வியர்வை சொட்டி ராஜா பொம்மையின் காகித மூக்கு ஊறியது தனிக்கதை.) மினுக்கல்தான் உயிரை எடுத்தது. வெயிலை மேகம் மறைக்கும்போதெல்லாம் கைபேசி தானாகவே வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் வைத்திருக்கிறது! ஜன்னலைப் போர்வையால் மூடி, இருபுறமும் மேசை விளக்கு வைத்தேன். திரையில் பொம்மையின் முகத்தை விரலால் அழுத்திப் பிடித்தபோது ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொண்டன. என் வெள்ளைச் சட்டைகூடக் காகிதத்தில் ஒளியை வீசியது, கறுப்புக்கு மாறினேன். பிறகு 720 படங்களையும் முதலிலிருந்து எடுத்தேன்.