சீனி வருத்தக்காரரின் காலில் காயம்: வீட்டில் செய்யவேண்டியதும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நேரமும்

உடை முள் ஏறினால் யாருக்கும் நோகும். அந்த இடத்திலேயே குந்தி, முள்ளை எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை. ஆனால் பல வருடமாகச் சீனி வருத்தம் உள்ள ஒருவர், முள்ளைக் காலில் வைத்துக்கொண்டே பொழுதுபடும்வரை வயலில் நிற்பார். வீட்டுக்கு வந்தபிறகு விறாந்தையில் இரத்தப் பொட்டைப் பார்த்து வேறு யாராவது சொன்னால்தான் அவருக்கே தெரியும். "எனக்கு நோகேல்லையே" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவார். நான் இங்கே எழுதுவது முழுக்க அந்த "நோகேல்லை"யைப் பற்றித்தான். சீனி வருத்தக்காரரின் காலில் நோவை நம்பக்கூடாது. கண்ணால் பார்க்க வேண்டும், கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். வீட்டில் அப்பாவையோ அம்மம்மாவையோ பார்த்துக்கொள்பவர்கள் இதை ஒருமுறை முழுதாக வாசித்துவிடுங்கள்.

முதலில் காரணம், சுருக்கமாக. இரத்தத்தில் சீனி நெடுநாள் கூடி நின்றால் பாதத்துக்குப் போகும் நரம்புகள் பழுதாகும். உணர்வு குறையும், வியர்வையும் குறையும். வியர்க்காத தோல் காய்ந்து குதிக்கால் வெடிக்கும். காலுக்குப் போகும் இரத்தக்குழாய்களும் ஒடுங்கும். கிருமியோடு சண்டைபோட வேண்டிய வெள்ளை அணுக்களும் மந்தமாகும். புண்ணில் கிருமி பிடித்தால் சீனி இன்னும் ஏறும். சீனி ஏற ஏறப் புண் ஆறாது. அதனால்தான் மற்றவருக்கு மூன்று நாளில் காயும் சிராய்ப்பு இவருக்கு மாதக்கணக்கில் இழுபடுகிறது.

படி 1: காலில் உணர்வு இருக்கிறதா என்று பாருங்கள்

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர ஆஸ்பத்திரியில் உருவாக்கிய எளிய தொடு சோதனை ஒன்று இருக்கிறது. அவரைப் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் சுட்டுவிரல் நுனியால் அவரது பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். இரண்டு காலிலும் சேர்த்து ஆறு இடம். ஒன்று இரண்டு விநாடி, மெல்லத் தொட்டால் போதும். அழுத்தவோ, தட்டவோ, சுரண்டவோ கூடாது. தொடுவது தெரிந்தால் வலது, இடது என்று அவர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே விரலைத் திரும்பத் தொட்டு உதவி செய்யாதீர்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உணர்வு குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கிளினிக்கில் மறக்காமல் சொல்லுங்கள். எல்லாம் சரியாக வந்தாலும் வருடம் ஒருமுறை கிளினிக்கில் காலைக் காட்டத்தான் வேண்டும்.

படி 2: தினமும் இரவு ஐந்து நிமிடம்

கால் கழுவிய பிறகு, நல்ல வெளிச்சத்தில். பாதத்தின் மேலே, கீழே, குதிக்கால், விரலிடுக்கு எல்லாம் பாருங்கள். குனிய முடியாதவர் கண்ணாடியை நிலத்தில் வைத்து அடிப்பாதத்தைப் பார்க்கலாம். கண் மங்கியவருக்கு வேறொருவர்தான் பார்க்க வேண்டும். வெடிப்பு, கொப்புளம், சிவப்பு, தோலுக்குக் கீழே கருஞ்சிவப்பாக ஒரு புள்ளி, விரலிடுக்கில் வெள்ளையாக ஊறிய சேற்றுப்புண், இவைதான் நாம் தேடுவது.

பிறகு புறங்கையை இரண்டு பாதத்திலும் மாறி மாறி வையுங்கள். ஒரு கால் மற்றதைவிடச் சூடாக இருந்தால் காயம் தெரியாவிட்டாலும் உள்ளே ஏதோ நடக்கிறது. புண்ணே இல்லாமல் ஒரு பாதம் சிவந்து, சூடாகி, வீங்கினால் எலும்பு நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். அந்தக் காலை ஊன்றாமல் உடனே காட்டுங்கள். "சுளுக்கு, எண்ணெய் போட்டு உருவினால் சரி" என்று சொல்பவரை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

கழுவும் தண்ணீர் சூடாக இருக்கக்கூடாது. அவர் காலால் சூடு பார்க்கவே கூடாது, முழங்கையால் பாருங்கள். நெடுநேரம் ஊறவைப்பதும் வேண்டாம். விரலிடுக்கைத் துவாயால் ஒற்றித் துடையுங்கள். குதிக்கால் வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ பூசலாம், விரலிடுக்கில் மட்டும் பூசாதீர்கள். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டாதீர்கள். கால் ஆணியைப் பிளேட்டால் சீவுவதும் கடையில் விற்கும் ஆணிப் பிளாஸ்ரர் ஒட்டுவதும் புதுப் புண்ணுக்கு வழி.

படி 3: செருப்பு, வயல், கோயில்

வீட்டுக்குள்ளும் செருப்பு. எங்கள் ஆட்களுக்கு இது ஒப்பாது, தெரியும். வீட்டுக்குள் போட என்று தனியாக ஒரு சோடி வாங்கிக் கொடுத்தால் அந்தச் சண்டை முடியும். விரலிடுக்கில் வார் போகும் செருப்பைவிட, குதிக்காலிலும் வார் உள்ள, முன்பக்கம் அகன்ற செருப்பு நல்லது. கால் மாலையில் சற்று அதைத்திருக்கும் என்பதால் மாலையில் போய் வாங்குங்கள். போடுமுன் ஒவ்வொரு முறையும் உள்ளே கையை விட்டுப் பாருங்கள்: கல், ஆணி, சிலநேரம் தேளும் இருக்கும்.

வயல் வேலைதான் பெரிய தலையிடி. காலபோகத்தில் சேற்றில் இறங்கினால் பூட்ஸ் போடவேண்டும். சேறு இழுக்கும், நடக்கக் கஷ்டம், உண்மைதான். ஆனாலும் காலில் வெடிப்பு இருக்கும்போது வெறுங்காலோடு சேற்றில் இறங்குவதை எந்தக் காரணம் கொண்டும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். எலிக்காய்ச்சல் எல்லோருக்கும் தெரியும். விதைப்புக்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் தடுப்பு மாத்திரை யாருக்கு, எப்படி என்று சொல்வார். மெலியோய்டோசிஸ் பலர் கேள்விப்படாத நோய். இதுவும் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பக்டீரியாவால் வருவது. இலங்கையின் பல மாவட்டங்களில் நோயாளர்களைக் கண்டறிந்திருக்கிறார்கள். தோல் வெடிப்பு வழியாக உள்ளே போகும், சீனி வருத்தக்காரரைத்தான் அதிகம் பிடிக்கும், மழைக்காலத்தில் கூடும். காய்ச்சல், நெஞ்சுச்சளி, உடம்பின் ஏதோ ஒரு மூலையில் சிதழ்க்கட்டி என்று பல வேடம் போடும். காசநோய் என்றுகூட நினைக்க வைக்கும். சாதாரண அன்ரிபயோற்றிக் மாத்திரைக்கு அடங்காது. ஆஸ்பத்திரியில் குறைந்தது பத்து நாளாவது ஊசிமருந்து ஏற்றி, பிறகு மூன்று மாதமளவு மாத்திரையும் எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே காய்ச்சலோடு போனால் "சீனி இருக்கு, வயலில் இறங்கினனான்" என்ற இரண்டையும் டொக்டரிடம் சேர்த்துச் சொல்லுங்கள். நந்திக்கடல், நாயாறு களப்புப் பக்கம் இறாலும் மீனும் பிடிப்பவர்கள் மீன் முள் குத்தியதையும் அப்படியே சொல்லவேண்டும். உவர்நீர்க் கிருமி சில சில மணித்தியாலத்திலேயே காலை வீங்க வைத்துவிடும்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வைகாசியில். அந்த மணல் சூடு உணர்வுள்ள காலையே துள்ள வைக்கும், உணர்வில்லாத கால் பேசாமல் நின்று வெந்துபோகும். வெயில் ஏறுமுன் போங்கள், அல்லது பொழுதுபட்டபிறகு. செருப்புக் கழற்ற வேண்டிய இடத்தில் தடித்த பருத்திக் காலுறை போடலாமா என்று கேட்டுப் பாருங்கள். தீமிதிப்பும் செடில் குத்தும் காவடியும் சீனி வருத்தக்காரருக்கு வேண்டவே வேண்டாம். நேர்த்தி இருந்தால் பாற்செம்பு எடுக்கலாம், அம்மன் குறை நினைக்கமாட்டா.

படி 4: காயம் பட்டுவிட்டது. இப்போது?

முதலில் உங்கள் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். இரத்தம் ஓடினால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். இடையிடையே தூக்கிப் பார்க்காதீர்கள். நின்றதும் கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவுங்கள், மண் முழுதும் போகும்வரை. சவர்க்காரம் சுற்றியுள்ள தோலுக்கு மட்டும். நேரே கிணற்றிலிருந்து அள்ளிய தண்ணீர் வேண்டாம். மேலோடு நிற்கும் முள்ளைக் கொதிக்க வைத்த சாவணத்தால் எடுக்கலாம். ஆழப் போனதை ஊசியால் கிண்டாதீர்கள், எடுப்பது ஆஸ்பத்திரி வேலை.

பிறகு ஒட்டாத கோஸ் துணியை வைத்து, காகிதப் பிளாஸ்ரரால் மெல்ல ஒட்டுங்கள். பஞ்சை நேரே புண்ணில் வைத்தால் நார் ஒட்டிக்கொள்ளும். விரலைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் வருகிற கொஞ்ச இரத்தமும் நின்றுவிடும். தினமும் ஒருமுறை மாற்றுங்கள், நனைந்தால் உடனே மாற்றுங்கள். காற்றுப் படட்டும் என்று திறந்துவிட்டால் இலையானும் தூசியும்தான் படும்.

புண்ணில் வைக்கக்கூடாதவை: கோப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, சாம்பல், வெற்றிலைச் சாறு, பற்பசை, தண்ணீர் கலக்காத டெட்டோல், ஸ்பிரிட். நம் சமையலறையில் பாதி இதில் அடக்கம் என்று தெரியும். தூள் வகை எல்லாம் புண்ணை மூடி மறைக்கும், உள்ளே சிதழ் பிடித்தாலும் தெரியாது. ஸ்பிரிட் புதிதாக வளரும் தசையைக் கருக்கும். மோட்டார்சைக்கிள் சைலன்சர் சுட்டால் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் பிடித்துவிட்டுச் சுத்தமான துணியால் மூடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். காலில் பட்ட சூட்டுக் காயத்தை, சின்னது என்றாலும், அன்றே காட்டுங்கள்.

மண், சாணி, துருப்பிடித்த முட்கம்பி பட்ட காயம் என்றால் ஏற்பு (ரெற்றனஸ்) ஊசி எப்போது போட்டது என்று பாருங்கள். ஐந்து வருடம் தாண்டியிருந்தாலோ ஞாபகம் இல்லை என்றாலோ அன்றே போய்க் கேளுங்கள்.

இனி எல்லோரும் தவறவிடும் வேலை: அந்தக் காலில் நடக்கக்கூடாது. அடிப்பாதப் புண்ணில் ஒவ்வொரு அடியும் முழு உடம்புப் பாரத்தை வைக்கிறது. மருந்து கட்டிக்கொண்டே நாள் முழுக்க நடந்தால் அந்தக் கட்டுக்குப் பலனில்லை. நோகாததால் அவர் நடப்பார், நீங்கள்தான் இருத்தவேண்டும்.

படி 5: பேனாவால் ஒரு கோடு

சிவப்பு இருந்தால் அதன் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். கைபேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். சிவப்பு கோட்டைத் தாண்டினால் பேச்சில்லை, ஆஸ்பத்திரி. டொக்டருக்கும் அந்தக் கோடு நிறையச் சொல்லும்.

அன்றே போகவேண்டியவை: சிதழ், கெட்ட மணம், அதைப்பு, சூடு, எலும்பு தெரியுமளவு ஆழம், அடிப்பாதத்தில் எந்தத் திறந்த புண்ணும். சின்னக் காயம் என்றாலும் இரண்டு நாளில் ஆறும் அறிகுறி இல்லாவிட்டால் காட்டுங்கள்.

ஒரு மணித்தியாலமும் பொறுக்கக்கூடாதவை: விரலோ தோலோ கறுப்பது, காலில் மேல்நோக்கி ஓடும் சிவப்புக் கோடு, தோலை அழுத்தும்போது காற்று நொறுங்குவதுபோல் உணர்வது, குளிர் நடுக்கம், மூச்சு வாங்குவது, ஆள் மாறிப் பேசுவது. 1990 க்கு அடியுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கு இடத்திலும் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. காய்ச்சல் இல்லை என்பதை நம்பிப் பொறுக்காதீர்கள். சீனி வருத்தக்காரருக்குக் கிருமி எலும்புவரை போனாலும் காய்ச்சல் வராமல் இருக்கலாம். காரணமில்லாமல் சீனி ஏறினால் அதையே காய்ச்சலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மருந்து விஷயம்

கிருமி பிடிக்காத காயத்துக்கு அன்ரிபயோற்றிக் தேவையில்லை. டொக்டர் தந்தால் தந்த நாள்வரை முழுதாகப் போடுங்கள், மிச்சம் வைத்து அடுத்த புண்ணுக்குப் பாவிக்காதீர்கள். சாப்பாடு இறங்கவில்லை என்று இன்சுலினைத் தானாக நிறுத்துவது ஆபத்து, ஏனென்றால் வருத்த நேரத்தில் சீனி கூடும். வாந்தி, வயிற்றோட்டம் என்றால் மெற்போமின் போன்ற சில மாத்திரைகளை நிறுத்திவைக்கச் சொல்லக்கூடும். கேட்டுச் செய்யுங்கள். சாப்பிடாமல் பார்க்கும் சீனி 80 முதல் 130 mg/dl வரை இருப்பது பலருக்குச் சொல்லப்படும் இலக்கு, வயதானவருக்கு டொக்டர் கொஞ்சம் தளர்த்துவார். சுருட்டும் பீடியும் ஒடுங்கிய குழாயை இன்னும் ஒடுக்கும்.

பாதத்தைத் தவிர வேறிடத்தில் கிருமி பிடித்தாலும் கவனிக்கவேண்டும்: சிறுநீர் எரிவு, மறைவிடத்துச் சொறி, முரசு வீங்கி இரத்தம் கசிவது, இரண்டு கிழமைக்கு மேல் இருமல். வெட்கப்படாமல் சொல்லவேண்டியவை. சீனி வருத்தம் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் இரண்டு மூன்று மடங்கு கூட.

போரில் காயப்பட்டவர்களுக்கு

இதை மற்ற ஊர்க் குறிப்புகளில் பார்க்கமாட்டீர்கள், எங்களுக்குத் தேவை. ஒரு காலை இழந்தவருக்கு மிச்சக் கால்தான் எல்லாப் பாரமும் தாங்குகிறது, அதைத் தினம் இருமுறை பாருங்கள். செயற்கைக் கால் பொருந்தும் மொட்டைப் பகுதியையும் கழற்றியதும் கழுவித் துடைத்துப் பாருங்கள். தோல் சிவந்து, கழற்றியபின்னும் சிவப்பு மறையாமல் இருந்தால், அல்லது உரிந்திருந்தால், ஆறும்வரை அந்தக் காலைப் போடாதீர்கள். மாட்டும் குழி பொருந்தாமல் போயிருக்கும், திருத்தவேண்டும். உடம்பில் ஷெல் துண்டு இருப்பவர்களுக்குப் பல வருடம் காய்ந்திருந்த தழும்பு திடீரென வீங்கி ஊறத் தொடங்கினால் மேலே மருந்து கட்டி விடாதீர்கள். உள்ளே துண்டு இருப்பதை டொக்டரிடம் சொல்லுங்கள், எம்.ஆர்.ஐ. (காந்த ஸ்கான்) எடுக்கச் சொன்னால் அங்கேயும் முன்கூட்டிச் சொல்லுங்கள்.

ஆறிய பிறகு

ஆறிய புண்களில் பத்தில் நான்கு அளவு ஒரு வருடத்துக்குள் திரும்பி வருகின்றன, அதிகமாக அதே அமுக்கம் உள்ள பாதத்தில். அதனால் இரவுப் பார்வையை நிறுத்தாதீர்கள். கிளினிக் போகும்போது கொப்பியும் மருந்துச் சரையும் மட்டும் போதாது, அவர் தினமும் தேய்த்து நடக்கும் பழைய செருப்பையே போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள். நல்ல நாளுக்கென்று வைத்திருக்கும் புதுச் செருப்போடு போனால், எந்த இடத்தில் பாரம் விழுகிறது என்று பார்ப்பதற்கு அங்கே எதுவும் இருக்காது.