கோதோடு வந்த ஹேசல்நட்: உடைப்பதில் தொடங்கி பாணில் பூசுவது வரை

ஜெர்மனியிலிருந்து வந்த அக்கா இந்த முறை சொக்லேட்டோடு ஒரு கிலோ ஹேசல்நட்டையும் கோதோடு கொண்டுவந்து இறக்கினார். அம்மா ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "இதென்ன பிள்ளை, புன்னங்கொட்டையா?" என்றார். பார்வைக்கு அப்படித்தான். ஆனால் புன்னங்கொட்டை விளக்கெரிக்க, இது தின்ன.

அப்பா நாலைந்தை எடுத்துக் கிணற்றடியில் புதைத்தும்விட்டார். வீண் வேலை. ஹேசல் குளிர்நாட்டுப் புதர். உலகில் விளைவதில் பாதிக்கு மேல் துருக்கியில், கருங்கடல் ஓரத்து ஓர்டு, கிரேசுன் பக்கம் விளைகிறது. இலை உதிர்ந்து நிற்கும் குளிர்காலத்தில்தான் அது பூக்கும். அதற்கு முன் பல நூறு மணித்தியாலம் 7 பாகைக்குக் கீழே நடுங்க வேண்டும். திருகோணமலையில் மார்கழி விடியற்காலையில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். தப்பித் தவறிச் செடி வந்தாலும் காய் வராது. ஆகவே நேரே குசினிக்குப் போவோம்.

கச்சான் (நிலக்கடலை) வறுக்கத் தெரிந்தவருக்கு இது பெரிய வித்தை இல்லை. தோல், எண்ணெய் இரண்டிலும்தான் வித்தியாசம்.

முதலில் உடைப்பது

கோதில் சின்ன வட்டத் துளை இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். உள்ளே வண்டின் புழு இருந்து தின்றுவிட்டு வெளியேறிய வழி அது. கைக்குப் பாரமே தெரியாததும் பொக்குத்தான்.

சுத்தியலால் அடித்தால் கொட்டை அலுமாரிக்குக் கீழே ஓடும், இல்லையென்றால் பருப்பு நசியும். இரண்டும் எனக்கு நடந்தது. கடைசியில் அம்மம்மாவின் பாக்குவெட்டிதான் கைகொடுத்தது. கொட்டையை மூட்டுப் பக்கமாக உள்ளே தள்ளி வைத்து மெல்ல அழுத்துங்கள். வெட்டக் கூடாது, நெரிக்க வேண்டும். 'டக்' என்று சத்தம் கேட்டதும் கையைத் தளர்த்திவிட்டால் பருப்பு முழுசாக வரும். ஒரு கிலோவுக்கு 400 கிராம் சொச்சம் பருப்புக் கிடைத்தது. பாதிக்கு மேல் கோது என்பதால் அக்கா கொஞ்சம் வருத்தப்பட்டார்.

வறுப்பது

கச்சான் விற்பவர்கள் சுடுமணலில் வறுப்பது போல இதைச் செய்யாதீர்கள். கோது இல்லாத பருப்பில் மணல் ஒட்டும். அடி கனத்த தாச்சி, குறைந்த நெருப்பு, 15 நிமிடம், கை ஓயாமல் கிளறல். கேக் சுடும் அவன் (oven) இருந்தால் 160 பாகையில் 12 முதல் 15 நிமிடம்.

நேரத்தை நம்புவதைவிட ஒரு பருப்பைப் பாதியாக வெட்டிப் பாருங்கள். உள்ளே பால் தேத்தண்ணி நிறம் வந்தால் போதும். கோப்பி நிறத்துக்குப் போனால் கசக்கும். தாச்சியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் இன்னும் கருகும். உடனே சுளகில் கொட்டிவிடுங்கள்.

தோல் நீக்குவது

கச்சான் தோல் ஊதினால் பறக்கும். இது பிடிவாதமான தோல், கசப்பும் அதில்தான். சூடு ஆறுமுன் பழைய சாரத் துணியில் மூட்டையாகக் கட்டி ஐந்து நிமிடம் வையுங்கள். உள்ளே ஆவி பிடித்துத் தோல் தளரும். பிறகு துணியோடு சேர்த்து இரண்டு கையாலும் உரசுங்கள். முக்கால்வாசி கழன்றுவிடும். மிச்சம் இருந்தால் இருக்கட்டும், அரைப்பதற்கு அது தடையில்லை. முற்றத்தில் நின்று புடைத்தால் தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

கேக்குக்கு வெள்ளை வெளேரென்று வேண்டும் என்பவர்களுக்கு வேறு வழி உண்டு. வறுக்காத பருப்பு ஒரு கப்புக்கு இரண்டு கப் கொதிநீர், அதில் மூன்று மேசைக்கரண்டி அப்பச்சோடா. மூன்று நிமிடம் கொதிக்க விட்டால் தண்ணீர் கறுத்துப்போகும். பொங்கி வழியும் என்பதால் பெரிய சட்டி எடுங்கள். பச்சைத் தண்ணீரில் போட்டுப் பிதுக்கினால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். நன்றாக அலசி, ஈரம் போகத் துடைத்து, அப்புறம்தான் வறுக்க வேண்டும்.

அரைப்பது

200 கிராம் பருப்பை முழுதாக ஆறவிட்டுக் காய்ந்த மிக்சி ஜாரில் போடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது. 30 விநாடி ஓட்டி நிறுத்தி, வழித்துவிட்டு, மறுபடி. முதலில் மாவாகும். பிறகு ஈர மணல். அதன் பிறகு பிளேடைச் சுற்றி ஒரு கட்டியாக உட்கார்ந்துகொண்டு அசையாது. பழுதாகிவிட்டது என்று பலரும் கைவிடும் இடம் இதுதான். மிக்சியைக் கொஞ்சம் ஆறவிட்டுத் தொடருங்கள். இந்தப் பருப்பின் எடையில் ஏறக்குறைய 60 வீதம் எண்ணெய். பத்து நிமிடம் அளவில் அது வெளிவந்து, கட்டி திடீரென்று கூழாக ஓடத் தொடங்கும்.

அப்போது 60 கிராம் ஐசிங் சீனி, இரண்டு மேசைக்கரண்டி கொக்கோத் தூள், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் சேர்த்து இன்னும் இரண்டு சுற்று. கடையில் வாங்கும் நுட்டெல்லாவில் ஹேசல்நட் 13 வீதம்தான், சீனியும் பாம் எண்ணெயும்தான் அதிகம். நம்முடையதில் பருப்புத்தான் பெரிய பங்கு. ருசி வேறாக இருக்கிறதே என்று பிள்ளைகள் முகம் சுளித்தால் காரணம் அதுதான்.

சீனிக்குப் பதில் பனங்கட்டி போட்டால் நம்மூர் மணம் வருமே என்று ஆசைப்பட்டு ஒருமுறை சீவிப் போட்டேன். பனங்கட்டியில் இருக்கும் ஈரம் போதும், மொத்தமும் களிமண் போல இறுகிவிட்டது. உருண்டை பிடித்துத் தின்று தீர்த்தோம்.

வைப்பது

காய்ந்த கண்ணாடிப் போத்தலில் போட்டுப் பிரிட்ஜில் வையுங்கள். அரைக்காத பருப்பையும் அங்கேதான். நம் வெக்கைக்கு வெளியில் விட்டால் பழைய எண்ணெய் வாடை சீக்கிரம் பிடிக்கும். தேங்காய் எண்ணெய் குளிரில் உறைவதால் கூழ் கெட்டியாகத் தெரியும். மேசையில் கால் மணித்தியாலம் வைத்தால் இளகிப் பாணில் பூசப் பதமாகிவிடும். வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்குக் கொடுக்குமுன் கொட்டை வகை ஒத்துக்கொள்ளுமா என்று தாயிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சிலருக்கு ஹேசல்நட் கடுமையான ஒவ்வாமை தரும்.

மிக்சி ஜாரை உடனே கழுவிவிடாதீர்கள். வெதுவெதுப்பான பால் ஒரு கப் ஊற்றி ஒரே ஒரு சுற்று விடுங்கள். அந்தப் பால் அரைத்தவருக்கு.