முகத்தை விடுங்கள், நிழலை வரையுங்கள்: பழைய திகில் படப் பாணியில் மை ஓவியம்

ஜெர்மன் இயக்குநர் முர்னாவின் 'நாஸ்ஃபெராட்டு' (1922) என்ற ஊமைப்படத்தில் ரத்தக்காட்டேரி மாடிப்படி ஏறும் காட்சியில் அவன் உடலே தெரியாது. சுவரில் ஒரு கூனல் நிழல், நீண்டுகொண்டே போகும் விரல்கள், அவ்வளவுதான். இந்தப் பாணியில் வரைய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பல்லிலும் கண்ணிலும் தொடங்கி, பின்னணியைக் கடைசியில் கருப்பாக்குகிறார்கள். ஓவியம் முகமூடிக் கடை விளம்பரம் போல ஆகிவிடுகிறது. எங்கே கருப்பு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

தேவை: 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள, வழவழப்பான ஹாட் பிரஸ் தாள் (ஏ4), நீர்புகா இந்தியன் இங்க், 6ஆம் எண் ரவுண்ட் பிரஷ், தேய்ந்துபோன பழைய பிரஷ் ஒன்று, தொட்டு வரையும் நிப், எச்பி பென்சில், வெள்ளை குவாஷ் (அடியில் இருப்பதை மறைக்கும் அடர்த்தியான நீர்வண்ணம்). மெல்லிய தாள் மை பட்டதும் நெளியும். பள்ளத்தில் மை தேங்கித் திட்டுத் திட்டாகக் காயும். மிச்சமிருக்கும் மையை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள், அடைத்துக்கொள்ளும்.

ஊமைப்படச் சட்டகம் ஏறக்குறைய 4:3. அதனால் தாளில் 24×18 செ.மீ. கட்டம் போடுங்கள். அதற்கு முன் 8×6 செ.மீ. அளவில் நாலைந்து சின்னக் கட்டங்களில், தடித்த மார்க்கரால் கருப்பும் வெள்ளையும் மட்டும் வைத்துப் பாருங்கள். சாம்பல் நிறம் வேண்டாம். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும் உருவம் புரிகிற கட்டமே உருப்படும்.

நிழலை மனதிலிருந்து வரைந்தால் பொய்யாகத் தெரியும். அறையை இருட்டாக்கி, கைபேசி டார்ச்சை உங்கள் கையிலிருந்து 30 செ.மீ. தள்ளி வையுங்கள், சுவர் கையிலிருந்து 90 செ.மீ. இருக்கட்டும். நிழல் நாலு மடங்கு பெரிதாகும். 18 செ.மீ. கை சுவரில் 72 செ.மீ. இப்போது சுட்டுவிரலை மட்டும் டார்ச் பக்கம் லேசாகச் சாய்த்து நீட்டுங்கள்: அது மற்ற விரல்களைவிடத் தடித்து நீளும். அந்த ஒழுங்கின்மைதான் நகத்தைவிடப் பயமுறுத்துவது. டியூப்லைட் இதற்கு உதவாது. நீள ஒளி நிழலின் ஓரத்தைக் கரைத்துவிடும்.

'டாக்டர் காலிகாரி' (1920) போன்ற படத்தை ஒட்டி வரைந்தால் கதை வேறு. அதில் பல நிழல்கள் அரங்கத் துணியிலும் தரையிலும் தீட்டப்பட்டவை, விளக்குக்குக் கட்டுப்படாதவை. இரண்டில் ஒன்றைப் பிடியுங்கள். ஒரே ஓவியத்தில் கலந்தால் தப்பாக வரைந்தது போலத்தான் இருக்கும்.

முகம் வேண்டுமென்றால் ஒரு குறிப்பு: அந்நாளில் பரவலாக இருந்த ஆர்த்தோக்ரோமாட்டிக் ஃபிலிம் சிவப்பை உணராது. அதனால் உதடு கருப்பாக விழும், நீலக்கண் வெளுத்துப்போகும். வண்ணப் புகைப்படத்தைப் பார்த்து வரைவதானால், படத்திருத்தச் செயலியில் கருப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்பு ஸ்லைடரை நன்றாக இறக்குங்கள்.

மை போடும்போது நிழலின் ஓரத்தை நிப்பால் கட்டிவிட்டு, உள்ளே பிரஷால் நிரப்புங்கள். ஒரு பூச்சில் அடர்கருப்பு வராது, இரண்டு வேண்டும். முதல் பூச்சு காய்ந்ததா என்று புறங்கையை லேசாக வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம். நிழல் தேய்ந்து மறையும் இடத்தில் பழைய பிரஷை மையில் தோய்த்து, துணியில் முக்கால்வாசி துடைத்துவிட்டு, படுக்கவைத்து இழுங்கள்.

கோடு முடி முடியாகக் கசிந்தால், ரப்பரால் அங்கே அழுத்தித் தேய்த்திருப்பீர்கள். தாளின் மேற்பூச்சு போய்விட்டது. பென்சிலை முதலிலிருந்தே லேசாகப் பிடிப்பதே வழி. மையின் மேல் வைத்த வெள்ளை குவாஷ் சாம்பலாக மாறினால், அடியில் இருப்பது நீர்புகா மை இல்லை, அல்லது முழுக்கக் காயவில்லை.

பிரஷை உடனே சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். உலோகப் பட்டைக்குள் மை இறுகினால் முடி விரிந்து, முனை மறுபடி ஒன்றுசேராது.