ஏலத்தில் டொமைன் எடுக்கப் போகிறவர்களுக்கு

இலங்கையின் மருதமுனைக் கடற்கரையில் மீன் ஏலம் பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே கேட்கிறவரின் முகம் தெரியும். கடைசி விலை விழுந்து காசைக் கொடுத்தால் மீன் நம் கூடைக்குள் வந்துவிடும். டொமைன், அதாவது இணைய முகவரிப் பெயர், ஏலத்துக்கும் அதே நினைப்பில்தான் போனேன். வாப்பாவின் தறியில் நெய்யும் சாரன்களை இணையத்தில் விற்க ஒரு டொட் கொம் பெயர் தேவைப்பட்டது. விரும்பிய பெயரே ஏலத்தில் இருந்தது. எடுத்தேன், காசும் கட்டினேன், ஆறாம் நாள் அது என்னிடம் இல்லை. உங்களுக்கு அப்படி நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், அந்தப் பெயர் ஏன் ஏலத்துக்கு வந்தது என்று பாருங்கள். சொந்தக்காரரே விற்கிறாரா, புதுப்பிக்காமல் விட்டதால் காலாவதியாகி வந்ததா? இரண்டாவதில்தான் சிக்கல். டொமைன்களைப் பதிந்து தரும் பதிவு நிறுவனங்கள் பலவும் தவணை முடிந்த சில வாரங்களிலேயே பெயரை ஏலத்தில் போட்டுவிடும். ஆனால் பழைய உரிமையாளர் புதுப்பிப்பதற்கான கால அவகாசம் அப்போதும் முடிந்திருக்காது. நீங்கள் வென்று காசு கட்டிய பிறகும், பெயர் உங்கள் கணக்குக்கு வரும்வரை அவர் வந்து கட்டணத்தைக் கட்டினால் பெயர் அவருக்குத்தான். எனக்கு வந்தது இரண்டே வரி மின்னஞ்சல்: பழைய உரிமையாளர் புதுப்பித்துவிட்டார், உங்கள் பணம் திரும்பி வரும். டொலரில் முழுதாகத்தான் வந்தது. வங்கி ரூபாயாக மாற்றியபோது குறைந்துவிட்டது.

அதைவிட வலித்தது லேபிள். வென்ற மறுநாளே கல்முனையில் 1000 லேபிள் அச்சடிக்கக் கொடுத்திருந்தேன். தங்கச்சி இரண்டு நாள் உட்கார்ந்து, சாரன் மூலையில் தைத்தவற்றைப் பிரித்து, முகவரி இருந்த கீழ் வரியை மட்டும் கத்தரித்து, மறுபடி தைத்தாள். மடியில் விழுந்த துண்டுகளை அவள் ஒன்றும் பேசாமல் பொறுக்கிப் பையில் போட்டாள். அதனால் சொல்கிறேன்: பெயர் உங்கள் கணக்கில் தெரியும்வரை லேபிள், விசிட்டிங் கார்ட், கடைப் பலகை எதையும் தொடாதீர்கள்.

ஏலத்தில் யாருமே எடுக்காத டொட் கொம் பெயர் உடனே திறந்த சந்தைக்கு வராது. பதிவு நிறுவனம் பதிவை நீக்கிய பிறகு, பழையவர் மீட்டுக்கொள்ள 30 நாட்கள், அப்புறம் முழுதாக அழிவதற்குக் காத்திருக்கும் 5 நாட்கள். விடுபடும் கணத்தில் அதைப் பிடிக்கவே தனி நிறுவனங்கள் இயந்திரம் வைத்திருக்கின்றன. நல்ல பெயரை நாம் கையால் தட்டிப் பிடிப்பது நடக்காத காரியம். அவர்களிடம் முன்கூட்டியே பதிவு வைக்கலாம். ஒரே இடத்தில் இரண்டு பேர் பதிவு வைத்திருந்தால் அது மறுபடி ஏலம்தான்.

விலை கேட்கும் முன் பெயரின் பழைய வாழ்க்கையைத் தோண்டுங்கள். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் போட்டால் அந்த முகவரியில் முன்பு என்ன இருந்தது என்று ஆண்டுவாரியாகப் பார்க்கலாம். நான் பார்த்த இன்னொரு பெயர் தொடக்கத்தில் துணிக்கடையாக இருந்து, பிறகு சூதாட்டப் பக்கமாக மாறியிருந்தது. அப்படிப்பட்டதை எடுத்தால் கூகுளில் தலை தூக்கக் கஷ்டப்படுவீர்கள். பிரபல வணிகப் பெயர் கலந்ததையும் விட்டுவிடுங்கள். டொமைன் தகராறுகளுக்கென யூடிஆர்பி என்ற தீர்ப்பு முறை 1999 முதல் இருக்கிறது, அதன் மூலம் அந்த வணிகப் பெயரின் சொந்தக்காரர்கள் டொமைனைப் பறித்துக்கொள்ளலாம்.

இனி விலை. நான் போன தளம் அமெரிக்க பசிபிக் நேரத்தில் ஓடியது. அங்கே பகல் 12.30 என்றால் இங்கே இரவு 1 மணி, அவர்களுடைய குளிர்காலத்தில் 2 மணி. 150 டொலருக்கு மேல் போவதில்லை என்று நூல் பில்லின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். கடைசி ஐந்து நிமிடத்துக்குள் யாராவது கேட்டால் நேரம் இன்னும் ஐந்து நிமிடம் நீளும். போட்டிக்கு நின்றவன் கேட்க, நான் கேட்க, அப்படியே முக்கால் மணி நேரம் போனது. 150-ஐ வெட்டி 180, அதையும் வெட்டி 220. தஹஜ்ஜுத் தொழுகைக்கு எழும்பிய உம்மா, "இன்னும் படுக்கலியா மகன்?" என்று கேட்டபோது 215-இல் எனக்கு விழுந்தது. அதற்கு மேல் ஒரு வருடப் புதுப்பிப்புக் கட்டணமும் சேர்ந்தது.

நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். எல்லாக் கட்டணத்தையும் கூட்டி உச்ச விலையை முடிவு செய்து, அதைத் தளத்திலேயே உச்சமாகப் பதிந்துவிட்டுப் படுங்கள். அடுத்தவர் கேட்கக் கேட்க, அந்த எல்லைவரை தளமே உங்களுக்காகக் கூட்டிக் கேட்கும். கார்ட் வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்திருக்கிறதா, எவ்வளவு வரை போகும் என்று முதல்நாளே வங்கியில் கேளுங்கள். வென்ற பிறகு கட்டாமல் விட்டால் கணக்கையே மூடிவிடும் தளங்கள் உண்டு.

கடைசியில் நாங்கள் இலங்கைக்கான டொட் எல்கேயில் பதிந்தோம். அங்கே முதலில் கேட்பவருக்குத்தான் பெயர். பெயர் எங்கே கிடைத்தாலும் பதிவை உங்கள் பெயரிலும், நீங்கள் தினமும் திறக்கும் மின்னஞ்சலிலும் வையுங்கள். வெப்சைட் செய்து தருபவரின் மின்னஞ்சலில் வேண்டாம். தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்ட பிறகு, அதில் கொடுத்த கார்ட் எந்த மாதம் முடிகிறது என்று கலண்டரில் குறித்துவிடுங்கள். கார்ட் முடிந்திருந்தால் அந்த வசதி வேலை செய்யாது, உங்கள் பெயரும் ஏலத்துக்குப் போய்விடும்.